எண்பது கிலோமீட்டர்

2001-ஆம் ஆண்டு பெங்களூரில் ‘ரேவா’ என்னும் சிறிய மின்கார் விற்பனைக்கு வந்தபோது அதன் தயாரிப்பாளர்கள் முன்வைத்த எண் 80. இரவில் வீட்டு மின்செருகியில் மாட்டிவிட்டால் மறுநாள் 80 கிலோமீட்டர் ஓடும் என்றார்கள். 2018-இல், மத்திய அரசின் உயரதிகாரிகளுக்கென வாங்கப்பட்ட மின்கார்களை அவர்களிற் சிலர் ஏற்கத் தயங்குகின்றனர் என்று செய்திகள் வந்தன. சொல்லப்பட்ட காரணத்திலும் அதே எண்ணே நின்றது: தில்லிக்குள் ஒருமுறை மின்னேற்றினால் 80 கிலோமீட்டரை ஒட்டித்தான் ஓடுகிறது. இவ்விரு நிகழ்வுகளுக்கும் இடைப்பட்ட காலத்தில், அதே தில்லியின் மெட்ரோ நிலைய வாசல்களில் பல்லாயிரக்கணக்கான மின்ரிக்‌ஷாக்கள் முளைத்திருந்தன. அவையும் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 80 முதல் 100 கிலோமீட்டர்தான் ஓடின. அவற்றை ஓட்டியவர்கள் எவரும் தொலைவு போதவில்லை என்று வண்டியைத் திருப்பிக் கொடுத்ததாகச் செய்தி இல்லை.

மின்கார் நடைமுறைக்கு உதவுமா, நம்பத்தக்கதா, உண்மையிலேயே பசுமையானதா என்ற மூன்று கேள்விகளும் வழக்கமாக ஒரே மூச்சில் கேட்கப்படுகின்றன. ஆம் அல்லது இல்லை என்ற ஒற்றை விடையும் எதிர்பார்க்கப்படுகிறது. இந்தியாவில் இம்மூன்றும் வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு மனிதர்களால், வெவ்வேறு வண்டிகளை முன்னிறுத்திக் கேட்கப்பட்டவை. அவற்றைப் பிரித்து வைத்துப் பார்த்தாலன்றி இந்த விவாதம் ஏன் கால் நூற்றாண்டாக ஒரே இடத்தில் சுழல்கிறது என்பது விளங்காது.

முதலில் ஒரு பழைய செய்தி. 1900-இல் அமெரிக்காவில் தயாரான மோட்டார் வண்டிகள் நாலாயிரத்துச் சொச்சம். அவற்றில் நீராவியால் ஓடியவை 1,681, மின்சாரத்தால் ஓடியவை 1,575, பெட்ரோலால் ஓடியவை 936 மட்டுமே. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை முதன்முதலில் கடந்த சாலை வண்டியும் 1899-இல் பெல்ஜியரான கமில் ஜெனாட்சி ஓட்டிய ஒரு மின்வண்டிதான். பின்னர் நிலைமை தலைகீழானதற்குப் பல காரணங்கள் உண்டு. 1908-இல் ஃபோர்டின் ‘மாடல் டி’ வந்து பெட்ரோல் காரின் விலையை வீழ்த்தியது. 1912-இல் கேடிலாக் காரில் சார்லஸ் கெட்டரிங்கின் மின்தொடக்கி பொருத்தப்பட்டது. கைப்பிடியைச் சுழற்றி எஞ்சினை உயிர்ப்பிக்கும் ஆபத்தான வேலை அத்துடன் ஒழிந்தது. பெட்ரோல் காரின் மிகப் பெரிய குறையைத் தீர்த்து வைத்ததே ஒரு மின்கலமும் ஒரு சிறு மோட்டாரும்தான் என்பது வரலாற்றின் குறும்பு. ஹென்றி ஃபோர்டின் மனைவி கிளாரா ஓட்டியது கணவரின் தொழிற்சாலையில் வந்த காரை அன்று. ‘டெட்ராய்ட் எலக்ட்ரிக்’ என்னும் மின்காரை. அந்த நிறுவனம் தன் கார்களுக்கு விளம்பரப்படுத்திய தொலைவும் எண்பதுதான், ஆனால் மைலில்.

இந்தியாவின் கதை வேறு. இங்கு மின்சாரப் போக்குவரத்து தனியார் காராக வராமல் பொது வண்டியாக வந்தது. 1895-இல் சென்னையில் மின்டிராம் ஓடத் தொடங்கியது. நாட்டிலேயே முதலாவது அது. 1902-இல் கல்கத்தாவும், 1907-இல் பம்பாயும், 1908-இல் தில்லியும் தொடர்ந்தன. அவற்றுக்குத் தொலைவுச் சிக்கலே எழவில்லை, ஏனெனில் மின்சாரத்தைச் சுமந்து செல்ல வேண்டிய தேவை அவற்றுக்கு இல்லை. கம்பி கூடவே வந்தது. சென்னை டிராம் 1953-இல் நின்றது, பம்பாய் டிராம் 1964-இல். டிராமைக் கைவிட்ட நகரங்கள் ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் மின்வண்டியைப் புதுமை என்று வரவேற்றபோது, இடையில் மாறிப்போயிருந்தது வண்டியின் உரிமையாளர். நகராட்சியோ கம்பெனியோ சுமந்த மின்கட்டமைப்பின் பொறுப்பு, இப்போது ஒவ்வொரு வாங்குபவரின் வீட்டு வாசலுக்கும் இறங்கியிருந்தது.

ரேவாவுக்கு முன்னோடிகள் இல்லாமலில்லை. ஜப்பானின் யாஸ்கவா நிறுவனத்தின் தொழில்நுட்பத்துடன் ‘லவ்பேர்ட்’ என்னும் இருவர் கார் 1993-இல் தில்லி வாகனக் கண்காட்சியில் காட்டப்பட்டது. கேரளத்தின் சாலக்குடியிலும் கோயம்புத்தூரிலும் தயாரிப்பு நடந்தது. மிகச் சிலவே விற்றன. ரேவா அதைவிட முனைப்பான முயற்சி. சேத்தன் மைனி அமெரிக்காவில் படித்தபோது மிச்சிகன் பல்கலைக்கழக மாணவர்களின் சூரியசக்திக் காரில் பணியாற்றியவர். 1994-இல் பெங்களூரில் தொடங்கிய நிறுவனம் ஏழாண்டுகள் உழைத்துக் காரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இரண்டு கதவுகள், முன்னால் இருவர், பின்னால் இரு சிறுவர்கள், இருக்கைகளுக்கடியில் 48 வோல்ட் ஈய-அமில மின்கலத் தொகுதி. முழுமையாக மின்னேற எட்டு மணி நேரம். மின்கலங்களின் எடையே கால் டன்னை ஒட்டியிருந்தது. ஏறத்தாழ ஒவ்வொரு மூன்றாண்டுக்கும் அவற்றை மாற்ற வேண்டும் என்பது வாங்கிய பிறகே பலருக்கு உறைத்தது. பெட்ரோல் செலவு மிச்சம் என்ற கணக்கில் அந்த மொத்தத் தொகை ஒரே நாளில் வந்து அமர்ந்தது.

இந்தியச் சந்தையில் ரேவாவின் எதிரி மாருதி 800. அது நால்வரை ஏற்றிக்கொண்டு இரவோடிரவாக ஊருக்கும் போய்வந்தது. விலையிலும் ரேவா அதைவிட மலிவாக இல்லை. குறுகிய வருமானமுள்ள குடும்பம் ஒரே ஒரு கார் வாங்கும் நாட்டில், அந்த ஒரு கார் திருப்பதிக்கும் போக வேண்டும், திருமணத்துக்கும் போக வேண்டும். ஆண்டுக்கு மூன்று முறை மட்டுமே நேரும் நெடும்பயணம்தான் கார் வாங்கும் முடிவைத் தீர்மானிக்கிறது. இங்கே மொழிவழக்கு ஒன்றையும் கவனிக்கலாம். இந்தியர் காரைப் பற்றிக் கேட்கும் முதல் கேள்வி ‘மைலேஜ் எவ்வளவு கொடுக்கும்?’ என்பது, அது லிட்டருக்கான அளவு, செலவு பற்றிய வினா. ஒரு முழு டாங்கில் எவ்வளவு தொலைவு போகும் என்று பெட்ரோல் காரைப் பற்றி யாரும் கேட்டதில்லை. அடுத்த பங்க் எங்காவது இருக்கும் என்ற நம்பிக்கை அந்தக் கேள்வியைத் தேவையற்றதாக்கிவிட்டிருந்தது. மின்கார் வந்ததும் ‘மைலேஜ்’ என்ற அதே சொல் ஓசையின்றிப் பொருள் மாறி, மொத்தத் தொலைவைக் குறிக்கத் தொடங்கியது. செலவைப் பற்றிய கவலை இருந்த இடத்தில் நடுவழியில் நின்றுவிடும் அச்சம் குடியேறியதைச் சொல்லே காட்டிக்கொடுக்கிறது.

அதே கார் 2004-இல் ‘ஜி-விஸ்’ என்ற பெயரில் லண்டனுக்குப் போனது. 2003-இல் லண்டன் நகர மையத்துக்குள் நுழையும் கார்களுக்கு நெரிசல் கட்டணம் விதிக்கப்பட்டிருந்தது, மின்காருக்கு விலக்கு. சில பகுதிகளில் நிறுத்தக் கட்டணமும் இல்லை. பெங்களூரில் போதாதிருந்த 80 கிலோமீட்டர், நாளொன்றுக்குப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டும் லண்டன்வாசிக்கு மிகுதியாகவே இருந்தது. ஆயிரத்துக்கு மேற்பட்ட ஜி-விஸ்கள் அங்கு ஓடின. ஆனால் அது ஐரோப்பிய விதிகளில் ‘கார்’ என்ற வகைக்குள் வராமல் கனமான நாற்சக்கரச் சிறுவண்டி என்ற வகைக்குள் நுழைந்திருந்தது; அதனால் மோதல் சோதனை கட்டாயமில்லை. 2007-இல் நடத்தப்பட்ட சோதனைகளின் படங்கள் வெளியானபோது அதன் நற்பெயர் நொறுங்கியது. ரேவாவின் வீழ்ச்சிக்கு மின்சாரம் காரணம் என்று சொல்வதைவிட, எடையைக் குறைத்தே தொலைவைக் கூட்ட முடியும் என்ற ஈய-அமில மின்கலத்தின் நெருக்கடி காரணம் என்பதே பொருந்தும். 2010-இல் மஹிந்திரா நிறுவனம் பெரும்பான்மைப் பங்குகளை வாங்கியது. பத்தாண்டுக்கும் மேற்பட்ட உழைப்பில் உலகெங்கும் விற்ற ரேவாக்கள் ஐயாயிரத்தை எட்டவில்லை.

அரசின் கொள்கையும் இக்காலத்தில் நிலையாக இருந்ததில்லை. 2010 நவம்பரில் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் அமைச்சகம் மின்வண்டிகளுக்கு மானியம் அறிவித்தது, 2012 மார்ச்சில் அது முடிந்தது, விற்பனை சரிந்தது. பின்னர் 2020-க்குள் 60 முதல் 70 லட்சம் மின்வண்டிகள் என்ற தேசியத் திட்டம் வந்தது. 2015-இல் ‘ஃபேம்’ மானியம், 2019-இல் 10,000 கோடி ரூபாயில் அதன் இரண்டாம் கட்டம். இலக்குகளின் வரலாறு தனிக் கட்டுரைக்குரியது.

மானியமும் விளம்பரமும் இன்றி, எந்தத் திட்ட ஆவணமும் எதிர்பாராமல் பரவியது மின்ரிக்‌ஷா. 2010 காமன்வெல்த் போட்டிகளையொட்டித் தில்லியில் தலைகாட்டிய இவ்வண்டி, சீனத்திலிருந்து இறக்குமதியான உதிரிகளைக் கொண்டு சிறு பட்டறைகளில் பூட்டப்பட்டது. நான்கு 12 வோல்ட் ஈய-அமில மின்கலங்கள், ஒரு குதிரைத்திறனை ஒட்டிய மோட்டார், நான்கு பயணிகள். வங்கத்தில் மக்கள் இதற்கு ‘டோட்டோ’ என்று பெயரிட்டனர். இந்தி வட்டாரத்தில் ‘பேட்டரி ரிக்‌ஷா’ என்ற பெயர் நிலைத்தது. சைக்கிள் ரிக்‌ஷாவை மிதித்தவர்களுக்கு இது நெஞ்சையும் முழங்காலையும் மீட்டுத் தந்தது என்பதைப் பசுமை பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் மறந்துவிடுகின்றன.

சட்டம் இவ்வண்டியை என்னவென்று அழைப்பது எனத் தெரியாமல் விழித்தது. இது மோட்டார் வாகனமா, அன்றா? மோட்டார் வாகனம் என்றால் உரிமம், பதிவு, காப்பீடு எல்லாம் வேண்டும். அன்று என்றால் எதுவும் வேண்டியதில்லை. ஒரு விபத்தில் குழந்தை ஒன்று இறந்ததையடுத்து 2014 ஜூலை 31 அன்று தில்லி உயர் நீதிமன்றம் இவற்றுக்குத் தடை விதித்தது. அதன்பின் மத்திய அரசு விதிகளை வகுத்து, மோட்டாரின் திறனுக்கு 2,000 வாட் என்றும் வேகத்துக்கு மணிக்கு 25 கிலோமீட்டர் என்றும் வரம்பு வைத்தது. 2015-இல் மோட்டார் வாகனச் சட்டமே திருத்தப்பட்டது. நாடெங்கும் இன்று பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மின்ரிக்‌ஷாக்கள் ஓடுகின்றன. நடைமுறைக்கு உதவுமா என்ற கேள்விக்கு இதைவிடப் பெரிய சோதனைக்களம் எங்கும் அமைந்ததில்லை. ஆனால் மின்கார் விவாதத்தில் இது சான்றாக எடுக்கப்படுவது அரிது. காரணம் வெளிப்படை: விவாதிப்பவர்கள் அதில் பயணிப்பவர்களே தவிர அதை வாங்குபவர்கள் அல்லர்.

அதிகாரிகளின் காரையும் ரிக்‌ஷாவையும் பிரிப்பது தொலைவின் அளவன்று, தொலைவு முன்கூட்டியே தெரியுமா என்பது. ரிக்‌ஷா மெட்ரோ நிலையத்துக்கும் குடியிருப்புக்கும் இடையே ஒரே மூன்று கிலோமீட்டரில் முப்பது முறை ஓடுகிறது. மின்கலம் தளர்ந்தால் ஓட்டுநருக்கு வண்டியின் ஓட்டத்திலேயே தெரியும். அதிகாரியின் காருக்கு எந்த நேரத்தில் எங்கிருந்து அழைப்பு வரும் என்பது தெரியாது. பின்னர் வந்த கார்களில் தொலைவு கூடியது. 2020-இல் வெளிவந்த ‘நெக்ஸான்’ மின்காருக்கு 312 கிலோமீட்டர் எனச் சான்று வழங்கப்பட்டது. குளிர்சாதனமும் நெரிசலும் கூடிய அன்றாட ஓட்டத்தில் 200-ஐ ஒட்டிக் கிடைத்தது. சான்றிதழ் எண்ணுக்கும் சாலை எண்ணுக்கும் உள்ள இவ்விடைவெளி பெட்ரோல் கார்களிலும் உண்டு. அங்கு அது மாதக் கடைசியில் பணப்பையில் தெரிகிறது; இங்கு நெடுஞ்சாலையில் தெரிகிறது.

நம்பகத்தன்மைக் கேள்வியை 2022-இன் வேனில் கூர்மையாக்கியது. மார்ச், ஏப்ரல் மாதங்களில் மின்ஸ்கூட்டர்கள் நின்ற இடத்தில் தீப்பற்றிய நிகழ்வுகள் அடுத்தடுத்து வந்தன, உயிரிழப்புகளும் நேர்ந்தன. லித்தியம் மின்கலத்தில் ஒரு சிற்றறை அளவுமீறிச் சூடேறினால் அது அடுத்ததைச் சூடேற்றும், அது அடுத்ததை. தொடங்கியபின் நீரூற்றி நிறுத்துவது கடினம். நாற்பது பாகைக்கு மேல் கொதிக்கும் நிலத்துக்கென வடிவமைக்கப்படாத சிற்றறைகளும், தரம் குறைந்த கட்டுப்பாட்டுச் சுற்றுகளும் காரணங்களாகச் சுட்டப்பட்டன. அரசு குழு அமைத்து, ஆண்டிறுதியில் மின்கலப் பாதுகாப்பு விதிகளைக் கடுமையாக்கியது. எஞ்சின், கிளட்ச், கியர்பெட்டி என நூற்றுக்கணக்கான நகரும் உறுப்புகள் இல்லாததால் மின்வண்டி குறைவாகவே பழுதாகும் என்பது உண்மை. பழுதானால் தெருமுனை மெக்கானிக் கை வைக்க முடியாது என்பதும் உண்மை. மின்ரிக்‌ஷாவுக்கு மட்டும் இக்குறை இல்லை. மல்டிமீட்டரும் ஸ்பானரும் கொண்ட எவரும் அதைப் பிரித்து மாட்டலாம்.

பசுமையா என்ற கேள்விக்கு வருவோம். ‘மாசு வெளியிடாத வண்டி’ என்ற தொடர் எழுவாயைக் கவனமாகத் தேர்ந்தெடுத்த தொடர். வண்டி வெளியிடுவதில்லை என்பதில் ஐயமில்லை. தில்லியின் பதர்பூர் அனல்மின் நிலையம் 2018 அக்டோபரில் மூடப்பட்டது. அதற்கு முன்பே ராஜ்காட் நிலையம் நின்றுவிட்டது. தலைநகர எல்லைக்குள் நிலக்கரி எரித்து மின்சாரம் எடுப்பது அத்துடன் முடிந்தது. 2020 ஆகஸ்டில் தில்லி அரசு தன் மின்வண்டிக் கொள்கையை அறிவித்தது. தேவைப்படும் மின்சாரத்தின் பெரும்பகுதி வெளியிலிருந்து வருகிறது. அதில் ஒரு பங்கைத் தரும் சிங்ரௌலி வட்டாரத்தில், ரிஹந்த் நீர்த்தேக்கத்தைச் சுற்றி, நாட்டின் மிகப் பெரிய அனல்மின் நிலையமான விந்தியாசல் உட்படப் பல நிலையங்கள் நிற்கின்றன. 2020 ஏப்ரலில் அங்கே ஓர் அனல்மின் நிலையத்தின் சாம்பல்குளக் கரை உடைந்து மனிதர்களையும் வயல்களையும் அடித்துச் சென்றது. புகை இடம் மாறுகிறது. இடம் மாறிச் சேரும் ஊரில் மின்கார் எவரிடமும் இல்லை.

எனினும் இதை வைத்து மின்கார் ஏமாற்று என்று முடிவு கட்டுவதும் அவசரம். கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். மத்திய மின்சார ஆணையத்தின் தரவுப்படி நாட்டில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சராசரியாக ஏறத்தாழ 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. நடுத்தர மின்கார் கிலோமீட்டருக்கு 0.15 யூனிட் உண்கிறது எனவும், கம்பிவழியிலும் மின்னேற்றத்திலும் ஆகும் இழப்பைச் சேர்த்து 0.19 யூனிட் உற்பத்தியாக வேண்டும் எனவும் கொண்டால் கிலோமீட்டருக்கு 133 கிராம் வருகிறது. லிட்டருக்கு 16 கிலோமீட்டர் ஓடும் பெட்ரோல் காருக்கு, லிட்டருக்கு 2.3 கிலோ என்ற கணக்கில் 144 கிராம். எண்ணெய் எடுத்துச் சுத்திகரிப்பதையும் சேர்த்தால் 170-ஐ ஒட்டும். மின்காரின் 40 யூனிட் மின்கலத்தைத் தயாரிக்க மூன்று டன் வாயு வெளியாகிறது என வைத்து, அதை ஒன்றரை லட்சம் கிலோமீட்டருக்குப் பங்கிட்டால் மேலும் 20 கிராம். ஆக 153-க்கு எதிராக 170. வேறுபாடு உண்டு, ஆனால் மெல்லியது. காரை ஓட்டாமல் நிறுத்தியே வைத்திருப்பவர் அதையும் இழக்கிறார்.

இந்த மெல்லிய இடைவெளியில்தான் ஆய்வுகள் மோதிக்கொள்கின்றன. ஐ.சி.சி.டி. என்னும் பன்னாட்டு ஆய்வு நிறுவனம் 2021-இல், இந்தியாவில் பதிவாகும் நடுத்தர மின்கார் தன் வாழ்நாளில் பெட்ரோல் காரைவிட 19 முதல் 34 விழுக்காடு குறைவாகவே பசுங்குடில் வாயுக்களை வெளியிடும் என்றது. காரின் ஆயுளுக்குள் மின்கட்டமைப்பு தூய்மையாகிக்கொண்டே போகும் என்பதையும் அது கணக்கில் கொண்டது. 2023-இல் கான்பூர் ஐ.ஐ.டி.யின் ஆய்வு ஒன்று மின்கார்கள் 15 முதல் 50 விழுக்காடு கூடுதலாக வெளியிடுகின்றன என்றும், பெட்ரோலும் மின்சாரமும் கலந்த கார்களே மேல் என்றும் செய்திகளில் வந்தது. இரண்டையும் மேற்கோள் காட்டி இரு தரப்பினரும் சண்டையிட்டனர். எந்த ஆண்டின் மின்சாரம், எத்தனை கிலோமீட்டர், எத்தனை ஆண்டு ஆயுள் என்னும் அனுமானங்களைச் சற்றே அசைத்தால் விடை மறுபக்கம் சாயும் அளவுக்கு இன்றைய இந்திய மின்கட்டமைப்பு நிலக்கரியில் ஊறியிருக்கிறது: உற்பத்தியில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு.

விடை அசையாத இடமும் உண்டு. அது வண்டியின் உருவளவு. மின்ரிக்‌ஷா நாளொன்றுக்கு ஆறு யூனிட் ஏற்றி 90 கிலோமீட்டர் ஓடுகிறது என்றால், கம்பி இழப்பையும் சேர்த்துக் கிலோமீட்டருக்கு 55 கிராம். அதை நான்கு பயணிகள் பகிர்ந்துகொள்கின்றனர். அனுமானங்களை எப்படித் திருகினாலும் ஒருவர் தனியாக ஓட்டும் ஒன்றரை டன் மின்கார் இதை நெருங்காது. மானியக் கொள்கையை வகுப்பவர்கள் இவ்வொப்பீட்டை மேசையில் வைத்துக்கொள்வது நல்லது.

மின்சாரத்தின் ஊற்று மாறினால் கதை எப்படி மாறும் என்பதற்குக் காத்மாண்டு அருகிலேயே இருக்கிறது. லக்னோவில் தயாராகி அங்கு ஓடிய விக்ரம் டீசல் டெம்போக்களின் புகை பள்ளத்தாக்கை மூடியபோது, 1990-களின் தொடக்கத்தில் அவற்றை மின்சாரத்துக்கு மாற்றும் முயற்சி தொடங்கியது. 1999-இல் டீசல் முச்சக்கர வண்டிகள் தடைசெய்யப்பட்டன. ‘சஃபா டெம்போ’க்கள் அறுநூறை எட்டின, ஓட்டுநர்களில் பெண்கள் பலர். நேபாளத்தின் மின்சாரம் பெரும்பாலும் நீர்மின்சாரம். ஆனால் அடுத்த பத்தாண்டில் அங்கே நாளுக்குப் பதினைந்து மணி நேரத்துக்கும் மேல் மின்வெட்டு நிலவிய காலமும் வந்தது. டெம்போக்கள் தள்ளாடின, அழியவில்லை. 2015-16-இல் எல்லையில் எரிபொருள் வரத்து முடங்கிப் பெட்ரோல் கார்கள் வரிசையில் நின்றபோது அவை ஓடின. இன்று நேபாளம் புதிதாக இறக்குமதி செய்யும் கார்களில் பெரும்பான்மை மின்கார்களே.

எஞ்சியிருப்பது ஈயம். மின்ரிக்‌ஷாவின் மின்கலங்கள் ஓராண்டு தாக்குப்பிடித்தாலே பெரிது. தளர்ந்ததும் ஓட்டுநர் பழையதைக் கடையில் கொடுத்துப் புதியது வாங்குகிறார். கடைக்காரர் எடைபோட்டு விலையில் கழிக்கிறார். ஈயத்துக்கு விலை உண்டு என்பதால் ஒரு மின்கலமும் குப்பைமேட்டுக்குப் போவதில்லை. அவற்றில் ஒரு பகுதி உரிமம் பெற்ற ஆலைகளுக்குச் செல்லாமல், ஊர்ப்புறத்துச் சிறு உலைகளுக்குச் செல்கிறது. அங்கே அமிலம் மண்ணில் ஊற்றப்பட்டு, ஈயம் திறந்தவெளியில் உருக்கப்படுகிறது. யூனிசெஃப் 2020-இல் வெளியிட்ட அறிக்கை, இரத்தத்தில் கவலைக்குரிய அளவு ஈயம் உள்ள இந்தியக் குழந்தைகள் 27 கோடிக்கும் மேல் என்று மதிப்பிட்டது. முதன்மைக் காரணங்களுள் ஒன்றாக முறைசாரா மின்கல மறுசுழற்சியைச் சுட்டியது. விற்பனையாளர் பழைய மின்கலத்தைத் திரும்பப் பெற்று உரிமமுள்ள ஆலைக்கே அனுப்ப வேண்டும் என்ற விதி நாட்டில் இல்லாமலில்லை. அது வந்தது 2001-இல், ரேவா வந்த அதே ஆண்டில். மின்ரிக்‌ஷாக்களும் இப்போது மெல்ல லித்தியத்துக்கு மாறுகின்றன. 2022-இன் புதிய விதிகள் அதையும் தயாரிப்பாளரின் பொறுப்பில் வைத்துள்ளன. செத்த லித்தியம் மின்கலத்துக்கு அந்தத் தெருமுனைக் கடைக்காரர் என்ன விலை கழிப்பார் என்பது இன்னும் முடிவாகவில்லை.